கை மரத்துப் போகுதா? எந்த விரல்னு பாருங்க!



குழுக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில்தான் உண்மையான பேச்சு வெளியே வரும். சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் நோட்டில் எழுதியான பிறகு, "சைக்கிள் ஓட்டிட்டு இறங்கினா கை மரத்துப் போகுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எனக்கு ராத்திரியில, கை செத்துப் போன மாதிரி ஆயிடுது, உதறினாத்தான் உயிர் வருது" என்பார் இன்னொருவர். "டம்ளர் கை நழுவி விழுது, மாமியார் திட்டறாங்க" என்று மூன்றாவது குரல் வரும்.

நம் பகுதியில் மூன்று மொழி பேசுகிறோம். தமிழில் மதமதப்பு என்கிறோம். தெலுங்கு பேசும் அக்காமார் திம்மிரி என்கிறார்கள். கன்னடம் பேசுபவர்கள் ஜோமு என்கிறார்கள். எந்த மொழியில் சொன்னாலும் முடிவு மட்டும் ஒன்றாக இருக்கிறது: "வாயுக் கோளாறு", "ரத்த ஓட்டம் இல்ல", "வயசாயிடுச்சு". அதோடு பேச்சு முடிந்துவிடும். சிலர் சைக்கிளையே விற்றுவிடுகிறார்கள். சிலர் சத்து ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கை மரத்துப் போவதில் பெரும்பாலானவை நரம்பு அழுத்தத்தால் வருபவை. எந்த விரல் மரத்துப் போகிறது என்று பார்த்தாலே எந்த நரம்பு என்று ஓரளவு தெரிந்துவிடும். சீக்கிரம் கவனித்தால் செலவில்லாமல் சரியாகும். காலம் தாழ்த்தினால் கைச் சதை வற்றிப் போகும். வற்றிய சதை திரும்புவது கடினம். இந்த இதழில் இதைப் பற்றித்தான் விளக்கமாகப் பேசப் போகிறோம்.

சைக்கிளை விட வேண்டாம்

முதலில் சைக்கிள் நமக்கு என்ன செய்தது என்று நினைத்துப் பார்ப்போம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர் பார்க்க சைக்கிள் ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் ஆண்களுக்கும் காத்திருக்காமல் வெளியே போய் வரலாம் என்ற தைரியம் வந்தது.

அதே காலம்தான் நம் பக்கம் குழுக்கள் முளைத்த காலம். 1989-ல் தமிழ்நாடு அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் சைக்கிள் கொடுக்கும் திட்டம் வந்தது. மகள் படிப்பு முடித்ததும் அந்த சைக்கிள் அம்மாவுக்கு வருகிறது. பால் சொசைட்டிக்கும், ரோஜாத் தோட்டத்துக்கும், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கும் அதில்தான் போகிறோம். ஆகவே கை மரத்தால் சைக்கிளை விடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

கைக்குள் என்ன இருக்கிறது?

கைக்கு உணர்வும் பலமும் கொடுக்கிற முக்கிய நரம்புகளில் இரண்டைப் பற்றி இங்கே தெரிந்துகொண்டால் போதும். இரண்டும் கழுத்திலிருந்து தோள், முழங்கை வழியாக இறங்கி உள்ளங்கைக்கு வருகின்றன.

முதல் நரம்பின் பெயர் மீடியன். இது மணிக்கட்டின் நடுவில் ஒரு சின்ன குகை வழியாகப் போகிறது. குகைக்கு அடியிலும் பக்கத்திலும் எலும்பு, மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை. இந்த இடத்தைத்தான் மருத்துவர்கள் கார்ப்பல் டனல் என்கிறார்கள். அந்தச் சின்ன இடத்தில் இந்த நரம்போடு விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் போகின்றன. காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி நெரிசல். உள்ளே கொஞ்சம் வீங்கினாலும், மணிக்கட்டை அதிகமாக மடக்கினாலும் நசுங்குவது நரம்புதான்.

இரண்டாவது நரம்பு அல்நார். முழங்கை இடித்தால் "சுரீர்" என்று மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டு விரல் வரை ஓடுமே, அந்த நரம்பு இதுதான். இது சுண்டு விரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டில் இன்னொரு வழியில் போகிறது. அந்த இடத்தில் இதற்கு மேலே பெரிய காப்பு கிடையாது. சைக்கிள் ஹேண்டில் பாரில் உடம்பின் எடையைச் சாய்த்து ஊன்றும்போது அழுந்துவது இந்த இடம்தான். 1896-லேயே பிரான்ஸ் நாட்டில் தெஸ்தோ என்ற மருத்துவர் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு வரும் இந்தக் கை பலவீனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 2003-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், 600 கிலோமீட்டர் தூரப் பயணம் போன 25 சைக்கிள்காரர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 23 பேருக்குக் கையில் மரப்போ பலவீனமோ இருந்தது. பழகிய கைகளுக்கே இப்படி என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த விரல்?

இனி உங்கள் கையைப் பாருங்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் நடு விரலை ஒட்டிய பாதி: இவை மரத்தால் மீடியன் நரம்பாக இருக்கலாம். ராத்திரி தூக்கத்தில் எழுப்பிவிடும். கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். கேஸ் லைட்டர் அழுத்த, ஊசியில் நூல் கோர்க்க, ஜாக்கெட் கொக்கி மாட்டக் கஷ்டமாக இருக்கும்.

சுண்டு விரலும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும் மரத்தால் அல்நார் நரம்பாக இருக்கலாம். சைக்கிளில் இருந்து இறங்கியதும் தெரியும். விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் பலம் குறையும். சாவி திருப்ப முடியாது. சில பேருக்கு மரப்பு இல்லாமல் பலம் மட்டும் குறையும்.

எல்லா விரலும், கழுத்து வலியோடு சேர்த்து மரத்தால் கழுத்து எலும்பில் காரணம் இருக்கலாம். இரண்டு கால் பாதமும் எரிந்து மரத்து, பிறகு கையும் மரத்தால் சர்க்கரை நோய், சத்துக் குறைவு போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டு சின்னச் சோதனைகள்

முதல் சோதனை: இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டு மடங்கியபடி 1 நிமிடம் வையுங்கள். கட்டை விரல் பக்கத்து விரல்களில் ஊசி குத்துவது போல வந்தால் மீடியன் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது சோதனை: ஒரு துண்டுக் காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டை விரல் நீட்டமாக இருக்கட்டும். இன்னொருவர் இழுக்கட்டும். காகிதத்தை விடாமல் பிடிக்கக் கட்டை விரலின் நுனி மூட்டு மடங்கினால் அல்நார் நரம்பின் பலம் குறைந்திருக்கலாம்.

இவை சந்தேகத்துக்கு மட்டும்தான். இது தான் நோய் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

சைக்கிள் மேல் மட்டும் பழி போடாதீங்க

தினம் 3 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினால் மட்டும் பெரும்பாலும் இந்த நோய் வராது. நம் நாளைக் கணக்குப் பாருங்கள். காலையில் மாட்டுப் பால் கறக்கிறோம். துணி பிழிகிறோம். ஹேண்டில் பாரில் கேன் மாட்டி சைக்கிள் ஓட்டுகிறோம். பிறகு 8 மணி நேரம் கம்பெனியில் சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைப் பொருத்துகிறோம், அல்லது கார்மெண்டில் துணியைத் தள்ளித் தள்ளித் தைக்கிறோம், அல்லது பசுமைக் குடிலில் கத்தரிக்கோலால் ரோஜாக் காம்பு வெட்டுகிறோம். மறுபடியும் சைக்கிள். வீட்டுக்கு வந்து சப்பாத்தி மாவு, களி கிண்டல். ராத்திரி கையைத் தலைக்கு அடியில் மடக்கி வைத்துத் தூக்கம். அந்த நரம்புக்கு ஓய்வு எங்கே இருக்கிறது?

இதோடு உடம்பின் நிலையும் சேர்கிறது. கார்ப்பல் டனல் தொல்லை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கர்ப்ப காலம், மாதவிடாய் நிற்கும் வயது, தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், மூட்டு வாதம், உடல் எடை கூடுதல் ஆகியவை இருந்தால் சீக்கிரம் வரும். அதனால் கை மரத்தால் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது.

சைக்கிளைச் சரி செய்வோம்

மகள் ஓட்டிய சைக்கிளை அம்மா ஓட்டும்போது சீட் மகள் உயரத்துக்கே இருக்கும். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் இருந்தால் போதும், சைக்கிள் கடையில் இதைச் செய்து தருவார்கள்.

1. சீட் உயரம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதம் பெடலில் இருக்கும், அப்போது முழங்கால் லேசாக மடங்கும். அது சரியான உயரம். போக்குவரத்து அதிகமான ரோட்டில் ஓட்டுபவர்கள், நுனிக்கால் தரையைத் தொடும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. சீட் சாய்வு: சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தாங்கக் கைதான் ஊன்றும். சீட் தரைக்கு மட்டமாக இருக்கட்டும்.

3. ஹேண்டில் பார்: சீட்டின் உயரத்துக்குச் சமமாக அல்லது கொஞ்சம் மேலே இருந்தால் எடை கைக்கு வராமல் இடுப்பில் நிற்கும். உயர்த்தும்போது, தண்டில் போட்டிருக்கும் அளவுக் கோடு வெளியே தெரியும் அளவு உயர்த்தக் கூடாது. கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

4. கைப்பிடி: ரப்பர் தேய்ந்து கல் மாதிரி ஆகியிருந்தால் மாற்றுங்கள். கொஞ்சம் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதுவரை பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இறுகச் சுற்றிக் கட்டலாம். துணி நழுவினால் விழுந்துவிடுவோம், அதனால் தினம் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சுமை: பால் கேன், பை, தண்ணீர்க் குடம் எதையும் ஹேண்டில் பாரில் மாட்டாதீங்க. பின்னால் கேரியரில் கட்டுங்கள். முன்னால் தொங்கும் சுமை ஆடும்போது அதை அடக்க இரண்டு கையும் இறுகப் பிடிக்கும்.

6. பிரேக்: பிரேக் கம்பியில் துரு ஏறினால் அழுத்த முழுப் பலம் வேண்டும். எண்ணெய் விட்டு இலகுவாக்குங்கள். விரலுக்கு எட்டாத தூரத்தில் பிரேக் இருந்தால் கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள்.

7. ஓட்டும் விதம்: மணிக்கட்டு நேராக இருக்கட்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். இறுகப் பிடிக்க வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒரு முறை பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். தூரப் பயணம் என்றால் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி இரண்டு கையையும் உதறி, விரல்களை விரித்து மடக்குங்கள். குண்டும் குழியுமான இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.

மொபெட், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு

டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் நம் ஓசூரிலிருந்துதான் வந்தது. இன்று நம் உறுப்பினர்கள் பலரிடம் மொபெட்டோ ஸ்கூட்டரோ இருக்கிறது. இதில் எடையோடு அதிர்வும் சேர்கிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது வலது மணிக்கட்டு பின்பக்கம் மடங்கி அப்படியே நிற்கிறது. அதனால் உட்காரும்போதே மணிக்கட்டு நேராக இருக்கும்படி கைப்பிடியைப் பிடித்துவிட்டு, பிறகு முறுக்குங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருந்தால் சர்வீஸில் சொல்லி எண்ணெய் விடுங்கள். டயரில் காத்து சரியாக இருந்தால் அதிர்வு குறையும்.

வேலை இடத்திலும் வீட்டிலும்

ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்வதுதான் நரம்புக்கு எதிரி. லைனில் நிற்கும் சகோதரிகள் வேலை மாற்றிக் கொடுக்கும்படி சூப்பர்வைசரிடம் கேட்கலாம். ஒருவர் தனியாகக் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேட்டால் காதில் விழும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் விரலை விரித்து மடக்கினால் வேலை கெட்டுவிடாது. ரோஜா வெட்டும் கத்தரிக்கோல் மழுங்கியிருந்தால் சாணை பிடிக்கச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தரிக்குக் கூடுதல் பலம் வேண்டும்.

வீட்டில் துணி பிழிவதை ஆண்களும் பிள்ளைகளும் செய்யட்டும். போனைக் காதில் வைத்து முழங்கையை நீண்ட நேரம் மடக்கிப் பேசினாலும் அல்நார் நரம்பு இழுபடும். கை மாற்றிப் பிடியுங்கள்.

சிகிச்சை என்ன?

முதல் படி ஓய்வும் பட்டையும். மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளிண்ட் என்ற பட்டை மருந்துக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே தகடு உள்ளதாகப் பார்த்து வாங்கி, ராத்திரி தூங்கும்போது போடுங்கள். ஆரம்ப நிலை மீடியன் நரம்புத் தொல்லைக்கு 6 வாரம் விடாமல் போட்டாலே பலருக்கு நல்ல குணம் தெரியும். "ரெண்டு நாள் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று கழற்றி வைக்காதீங்க. பட்டை மணிக்கட்டை மடங்காமல் வைக்க வேண்டும், இறுக்கக் கூடாது. சுண்டு விரல் தொல்லை என்றால் உள்ளங்கை அழுத்தத்தை நிறுத்துவதுதான் முக்கிய மருந்து. சைக்கிளைச் சரி செய்து, சில வாரம் தூரப் பயணத்தைக் குறைத்தால் லேசான தொல்லை தானாகவே அடங்கும்.

இரண்டாவது படி, குணம் தெரியாவிட்டால் மருத்துவர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம். பலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வலி குறையும். சிலருக்குத் திரும்பியும் வரும். நரம்பில் மின் ஓட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் பரிசோதனையும் எழுதித் தரலாம். பயப்பட வேண்டாம், சின்னதாக "சுருக்" என்று இருக்கும்.

மூன்றாவது படி ஆபரேஷன். கார்ப்பல் டனலின் மேல் நார்ப்பட்டையைப் பிரித்து விடுவார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து, அரை மணிக்கும் குறைவான நேரத்தில் முடியும் சின்ன ஆபரேஷன். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். கனமான வேலைக்குப் போக 4 முதல் 6 வாரம் ஆகலாம். "ஆபரேஷன் பண்ணினா கை விளங்காம போயிடும்" என்ற பேச்சு ஊரில் உண்டு. உண்மையில், தேவைப்படும்போது ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால்தான் கை பலம் இழக்கும். சேதமான நரம்பு வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதனால்தான் சீக்கிரம் வாங்க என்கிறோம்.

கர்ப்பிணிகளுக்கு வரும் மரப்பு பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே குறையும். ராத்திரிப் பட்டை போதும். டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை எடுக்கவே கூடாது.

செய்யக் கூடாதவை

மரத்த கையைச் சூடான தண்ணீரிலோ, காய்ச்சிய எண்ணெயிலோ வைக்காதீங்க. உணர்வு இல்லாத கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அடுப்பில் பாத்திரம் இறக்கும்போதும் துணி பிடித்து இறக்குங்கள்.

இறுகக் கட்டுப் போடுவதும், வலிக்க வலிக்க நீவி விடுவதும் அழுந்திய நரம்பை இன்னும் அழுத்தும்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிறும் கிட்னியும் கெடும். சத்து ஊசி, சத்துக் குறைவு உள்ளவர்களுக்குத்தான் பலன் தரும். குகைக்குள் நசுங்கும் நரம்பை ஊசிச் சத்து விடுவிக்காது. இதற்காக உள்கடன் வாங்கி ஊசிக்குச் செலவழிப்பது வீண்.

உடனே காட்ட வேண்டியவை

கட்டை விரலுக்குக் கீழே உள்ள மேட்டுச் சதை தட்டையாகிவிட்டால், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குழி விழுந்தால், சுண்டு விரல் கொக்கி மாதிரி வளைந்தால், மரப்பு இரவு பகல் விடாமல் இருந்தால், நாள் கடத்தாதீங்க.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். இதுவும் அல்நார் நரம்பைத் தாக்கிச் சுண்டு விரலை மடக்கும். மறைக்க இதில் ஒன்றுமில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். நோயின் நிலையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும். தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து மீண்டும் வேலை செய்ய வைக்க முடியும் என்று 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் காட்டியது நமக்குப் பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான்.

திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அப்போது பட்டையும் சோதனையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நிமிடமே 108-க்குப் போன் செய்யுங்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சர்க்கரை, ரத்த அழுத்தம் அங்கேயே பார்ப்பார்கள். வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், தேவைப்படுவோருக்கு இயன்முறைப் பயிற்சியும் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் கையைப் பற்றியும் சொல்லுங்கள்.

அடுத்து ஓசூர் அரசு மருத்துவமனையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. நரம்புக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். அது ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது.

கம்பெனியில் வேலை செய்யும் சகோதரிகள் இ.எஸ்.ஐ. கார்டை மறக்காதீங்க. காண்ட்ராக்ட் வேலை என்றாலும் பிடித்தம் இருந்தால் உரிமை உண்டு. சந்தா காலமான 6 மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். "லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று கையை இழக்க வேண்டியதில்லை. கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் மனைவிக்கும் மருத்துவம் உண்டு. கார்டு இல்லாதவர்கள், ஆபரேஷனுக்கு முன் மருத்துவமனையில் உள்ள முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் எல்லோரையும் செய்து பார்க்கச் சொல்லட்டும். யாருக்கு எந்த விரல் மரக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் சேர்ந்து போய் சீட், ஹேண்டில் பாரைச் சரி செய்துவிட்டு வாருங்கள். பட்டை வாங்கக் காசில்லாத உறுப்பினருக்குச் சிறு தொகையை அவசரக் கடனாகக் கொடுக்கலாம் என்று தீர்மானம் போடுங்கள். பிறகு கைச் சதை வற்றி வேலை போனால், அவர் தவணை கட்ட முடியாமல் குழுவே தடுமாறும். இப்போது சில நூறு ரூபாய் கொடுப்பது குழுவுக்கும் லாபம்தான்.

வங்கியில் கடன் கேட்டால் சொத்து கேட்கிறார்கள். நம்மில் பலருக்கு நிலமும் இல்லை, நகையும் இல்லை. இத்தனை வருஷமும் சேமிப்பு கட்டியதும், கடன் அடைத்ததும் இந்தக் கைகள்தான். இன்று ராத்திரி படுக்கும் முன் விரலை ஒரு முறை விரித்து மடக்கிப் பாருங்கள். எந்த விரல் மரக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் வாய் திறந்து சொல்லுங்கள்.